அப்பாவுக்கு வாங்கிய ஒரு முழ லேலண்டு

போன ஆயுத பூஜைக்கு அப்பாவுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று ஆவணி மாதத்திலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். வேட்டி சட்டை ஏற்கெனவே ஐந்தாறு செட் பிரிக்காமலே அலமாரியில் கிடக்கிறது, நல்ல போன் வாங்கிக் கொடுத்தால் அதில் டார்ச் மட்டும்தான் அடிப்பார். அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் ஒருவர் மரத்திலும் தகரத்திலும் பழைய லாரி பொம்மைகள் செய்து விற்பது கண்ணில் பட்டது. குழந்தைகள் கயிறு கட்டி இழுக்கிற பொம்மை இல்லை, நிஜ வண்டியில் பதினாறில் ஒரு பங்கு அளவில், ஷோகேஸில் வைப்பதற்காகச் செய்வது. அப்பா 1973-லிருந்து இருபத்தெட்டு வருடம் லேலண்டு காமெட் ஓட்டியவர். அந்தப் பட்டியலில் காமெட் இருந்தது. சரி, இதுதான் என்று ஆர்டர் போட்டுவிட்டேன்.

விலை 7,800 ரூபாய், கூரியருக்குத் தனியாக 350. பாதிப் பணம் முன்னாலேயே அனுப்ப வேண்டும். மூன்று வாரம் என்றார், பதினோரு வாரம் ஆனது. ஆயுத பூஜை போய், தீபாவளியும் போய், கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம்தான் வண்டி வந்து சேர்ந்தது. கேட்ட போதெல்லாம் "பெயின்ட் காயுதுங்க சார்" என்று ஒரே பதில். எனக்குத் தெரிந்து நிஜ லாரிக்கே இரண்டு நாளில் பெயின்ட் காய்ந்துவிடும். செய்தவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறை நிறையச் சொல்லப்போகிறேன், தனி ஆளாக வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்கிறவர், அவரிடம் சொல்ல வேண்டியதை அவரிடமே சொல்லியாகிவிட்டது. இது மாதிரி பொம்மை வேறு யாரிடமாவது வாங்க நினைக்கிறவர்களுக்கு எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரியட்டும் என்பதற்காகத்தான் இந்த எழுத்து.

பேக்கிங் பற்றிக் குறையே இல்லை. அட்டைப்பெட்டிக்குள் ஒரு பிளைவுட் பெட்டி, அதற்குள் வைக்கோல், சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனியாகத் துணி சுற்றி அனுப்பியிருந்தார். வெளியே எடுத்தால் சரியாக ஒரு முழ நீளம், கையில் கனமாக இருந்தது. பாடி தேக்குத் துண்டுகள், சேஸ் எனும் அடிச்சட்டம் தகரம், சக்கரம் ரப்பர். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை அடித்து, அதில் ஊசி முனை அளவுக்கு ஆணித்தலை. பாடி நீலம், ஓரங்களில் மஞ்சள் கோடு, முன்னால் கிரில்லில் லேலண்ட் என்று ஆங்கிலத்தில் எழுத்து. எனக்குப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது என்று சொல்ல ஆசைதான், உண்மையில் "பரவாயில்லையே, ஏழாயிரத்து எண்ணூறுக்கு மோசமில்லை" என்றுதான் தோன்றியது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வண்டியை டீப்பாயில் வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, பின்பக்கமிருந்து பார்த்தார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. பின் அச்சு, அதைத் தாங்குகிற ஸ்பிரிங்கான கமான் பட்டை, இரட்டைச் சக்கரத்துக்கு நடுவில் இருக்கிற இடைவெளி. அந்த இடைவெளியில் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். லாரியை நிறுத்தினால் முதல் வேலை அங்கே கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது, அந்தப் பழக்கம். அப்புறம் எழுந்து, துண்டை எடுத்து வண்டி மேல் போர்த்தி, "டீக்கடைக்குக் கொண்டுபோலாமா?" என்றார்.

எங்கள் ஊர் சங்ககிரி. லாரித் தொழிலில் ஊறிய ஊர். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பழைய ரோட்டில் இருக்கிற ஒரு டீக்கடை பெஞ்சில் ஓய்வு பெற்ற டிரைவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் இரண்டு பேரை நான் சின்ன வயதிலிருந்து வண்டிப் பெயரிலேயே கூப்பிட்டுப் பழகியிருக்கிறேன், ஒருவர் டாடா பெரியப்பா, இன்னொருவர் பார்கோ தாத்தா. பெரியப்பா அப்பாவின் வயதுக்காரர், ஆயுள் முழுக்க டாடாவைத் தவிர வேறு வண்டியில் ஏறாதவர். தாத்தாவுக்கு எண்பத்தாறு. கண் மட்டும் கொஞ்சம் மங்கல், அதனால் வண்டியைத் தடவிப் பார்த்தே பேசினார். இந்த மதிப்புரையில் பாதி அவர்கள் சொன்னதுதான். நான் கணக்கு எழுதுகிறவன், எனக்கு லாரியில் தெரிந்ததெல்லாம் லீவு நாளில் அப்பாவோடு போய் பானெட் மேல் உட்கார்ந்து வந்தது மட்டும்.

முதல் குறையைக் கண்டுபிடிக்க பெரியப்பாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நம்பர் பிளேட். டிஎன் 28 என்று எழுதியிருந்தது. "ஏனுங், இது எந்த வருஷத்து வண்டி?" என்றார். 1973 என்றேன், அப்படித்தான் ஆர்டரில் கொடுத்திருந்தேன். சிரிக்க ஆரம்பித்தவர் டீ ஆறும் வரைக்கும் நிறுத்தவில்லை. டிஎன் என்று தொடங்கும் எண்களே 1989-ல்தான் வந்தன. அதற்கு முன்னால் மூன்று எழுத்து, அப்புறம் எண். 28 என்பது நாமக்கல், நாமக்கல் தனி மாவட்டமானதே 1997 ஜனவரியில், அதுவரைக்கும் சேலம் மாவட்டம்தான். இருபத்துநாலு வருடம் கழித்துப் பிறக்கப்போகிற மாவட்டத்தின் எண்ணை மாட்டிக்கொண்டு ஒரு வண்டி 1973-ல் ஓடியிருக்கிறது. செய்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது, நாமக்கல் என்றால் லாரி, லாரி என்றால் நாமக்கல் என்று அவர் மனதில் பதிந்திருக்கும். ஆனால் பழைய வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போது ஆர்சி புத்தகத்திலிருந்து நம்பரைப் பார்த்து நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு அவருடைய வண்டி நம்பர் இன்னமும் தெரியும். அதைக் கேட்காமல் விட்டது என் தப்பு.

இரண்டாவது குறையைத் தாத்தா விரலால் கண்டுபிடித்தார். டயர் பக்கவாட்டில் ஏதோ எழுத்து தட்டுப்படுகிறது, படி என்றார். ரேடியல் என்று ஆங்கிலத்தில் இருந்தது, அது இந்தக் காலத்து டயர் வகை. கார் பொம்மை டயர் எதையோ வாங்கி மாட்டியிருப்பார் போல. அன்றைக்கு லாரிக்கு ரேடியல் டயர் ஏது, எல்லாம் நைலான், 9.00-20 அளவு, உள்ளே டியூப், அதற்கு அடியில் டியூப் ரிம்மில் உரசாமல் இருக்க பிளாப் என்ற ரப்பர் பட்டை. நம் ஊர் லாரிகளில் ரேடியல் பரவலானது 2000-க்கு அப்புறம். பஞ்சர் ஆனால் டிரைவரும் கிளீனரும்தான் கழற்ற வேண்டும், மே மாதத்தில் நாக்பூர் பக்கம் தார் ரோட்டில் முட்டி போட்டு ஜாக்கி வைத்தது பற்றி அப்பாவும் பெரியப்பாவும் பேச ஆரம்பித்து, யார் முட்டியில் தழும்பு பெரியது என்று வேட்டியைத் தூக்கிக் காட்டும் வரைக்கும் போனது. எழுத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டேன், இப்போது தெரியவில்லை.

ஸ்டியரிங் சுற்றுகிறது, ஆனால் முன் சக்கரம் திரும்புவதில்லை. இந்த விலைக்கு அது திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. கியர் கம்பியும் அசையவில்லை, ஒட்டி வைத்திருக்கிறார். அப்பா இரண்டு விரலால் அதைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார், அப்போது அவருடைய இடது கால் தானாக இரண்டு முறை தரையில் அமுங்கியது. டபுள் கிளட்ச். பழைய கியர் பாக்ஸில் கியர் இறக்க வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து இன்ஜின் சத்தத்தை ஏற்றி, மறுபடி கிளட்சை மிதித்துக் கியர் போட வேண்டும். சத்தம் சரியாக அந்த இடத்துக்கு வந்தால் கியர் வெண்ணெய் மாதிரி விழும், கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கரகரவென்று கத்தும். புது டிரைவரை வேலைக்கு எடுக்கும்போது முதலாளி வண்டியில் ஏறமாட்டாராம், ரோட்டோரம் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, வண்டி போய்த் திரும்பி வரும் சத்தத்தை மட்டும் கேட்டுச் சம்பளம் பேசுவாராம். இதைப் பெரியப்பா சொன்னார், கொஞ்சம் உப்பு மிளகாய் சேர்த்திருக்கலாம்.

இந்த இடத்தில் செய்தவரைப் பாராட்ட வேண்டிய ஒரு விஷயம். கேபினைத் தனியாகத் தூக்க முடிகிறது, அடியில் காந்தம் வைத்திருக்கிறார். எனக்கே அது தெரியாது, விளம்பரத்திலும் சொல்லவில்லை. தாத்தா தடவும்போது கேபின் கையோடு வந்துவிட்டது, ஐயோ உடைத்துவிட்டோமே என்று அவர் பதறிப்போனார். உள்ளே பார்த்தால் இன்ஜின், ரேடியேட்டர், ஸ்டியரிங் கம்பி எல்லாம் வெறுமனே நிற்கின்றன. அப்பா முகம் மாறியது அப்போதுதான். "இப்படித்தான் எண்ணூர்லருந்து ஓட்டிட்டு வந்தேன்" என்றார்.

புது லாரி என்றால் இன்றைக்குப் போல ஏசியோடு முழு வண்டியாக வராது. கம்பெனியில் கொடுப்பது சேஸ் மட்டும், கேபினும் பாடியும் ஊரில் பட்டறையில் கட்டிக்கொள்ள வேண்டும். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் பாகங்களைச் சேர்த்துக் கார் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, 1951-ல் இங்கிலாந்து லேலண்டின் காமெட்டைப் பூட்ட ஆரம்பித்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. முதலில் வந்த வண்டி காமெட் 350, அந்த 350 என்பது இன்ஜினின் கன அங்குலம், நம் கணக்கில் ஐந்தே முக்கால் லிட்டர் சொச்சம். அப்பா போனபோது அதைவிடப் பெரிய இன்ஜின் வந்துவிட்டது. 1973-ல் முதலாளி புதிதாக எடுத்த மூன்று சேஸ்களில் ஒன்றை ஓட்டிவர அப்பாவை அனுப்பினார். அப்போது அப்பாவுக்கு இருபத்துநாலு வயது.

உட்கார சீட் கிடையாது. ஒரு மரப்பெட்டியைக் கயிறு போட்டுச் சேஸில் இறுக்கி, மேலே மடித்த சாக்கு. முன் கண்ணாடி கிடையாது, கதவு கிடையாது, கூரை கிடையாது, கால் ஓரத்தில் ரோடு ஓடுவது தெரியும். தலையில் துண்டை முண்டாசாகக் கட்டி, மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். சங்ககிரிக்கு நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புது இன்ஜின் என்பதால் வேகம் போகக்கூடாது, லோடு இல்லாததால் பள்ளத்தில் இறங்கினால் பெட்டியிலிருந்து ஆளைத் தூக்கிப் போடும். வேலூர் தாண்டியதும் இருட்டிவிட்டது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டால் ரோடு தெரியவில்லை, கழற்றினால் பூச்சி கண்ணில் அடிக்கிறது. ஆம்பூர் பக்கம் மழை வேறு. மழைத்துளி முகத்தில் கல் எறிகிற மாதிரி விழுந்ததாம். வாணியம்பாடியில் ஒரு கடை வாசலில் மூன்று சேஸ்களையும் நிறுத்தி, சூடான ரேடியேட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளிர் காய்ந்திருக்கிறார்கள். விடிந்து தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, எதிரில் வந்த பஸ்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துக் கை காட்டினார்களாம், புது வண்டி போகிறது என்று. வீட்டுக்கு வந்தபோது அப்பாவை அடையாளமே தெரியவில்லை என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் ரேடியேட்டரைக் கட்டிப்பிடித்த கதையை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். ஐம்பது வருடமாக இதை எங்களிடம் சொல்லாத மனிதரிடமிருந்து ஒரு காந்தம் கதையை வாங்கிவிட்டது. அந்தக் காந்தத்துக்காகவே ஒரு ஸ்டார் கூடுதலாகப் போடலாம்.

கேபினுக்குள் செய்த வேலை சுமார். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் இன்ஜின் மூடி இருக்கிறது, அது சரி. ஆனால் அதைப் பளபளவென்று சில்வர் பெயின்ட் அடித்து வெறுமனே விட்டிருக்கிறார். நிஜ வண்டியில் அது வெறுமனே இருந்ததே இல்லை. அதன் மேல் எப்போதும் ஒரு நனைத்த சாக்கு கிடக்கும். இன்ஜின் கேபினுக்குள்ளேயே இருப்பதால் டிரைவரின் இடது கால் முழங்கால் வரைக்கும் வெந்துவிடும், வலது காலுக்குக் காற்று. அப்பாவின் இரண்டு கால்களும் இன்றைக்கும் நிறத்தில் வேறு வேறு, வேட்டி கட்டுவதால் யாருக்கும் தெரிவதில்லை. அந்தச் சாக்கின் மேல்தான் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும், காலையில் வைத்த குழம்பு மதியம் கொதித்துக்கொண்டிருக்கும். நான் உட்கார்ந்து வந்ததும் அங்கேதான். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற பெரிய லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். அதைச் சொன்னதும் தாத்தா கேட்டார், "அப்ப சோத்த எங்க வெச்சு சூடு பண்றது?"

கண்ணாடி விஷயத்தில் பெரிய விவாதமே நடந்தது. பொம்மையில் இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி. அப்பா ஓட்டிய வண்டியில் வலது பக்கம் மட்டும்தான் இருந்தது, இடது பக்கக் கண்ணாடி என்பது கிளீனரின் தலை. வெளியே தலையை நீட்டிக்கொண்டு "வரலாம் வரலாம் வரலாம், ஹோல்டான்" என்று கதவைத் தட்டுவார். பெரியப்பா தன் டாடாவில் இரண்டு கண்ணாடி இருந்தது என்றார், அப்பா அது பின்னால் மாட்டியது என்றார், அங்கிருந்து வழக்கமான சண்டை ஆரம்பித்துவிட்டது. டாடாவா லேலண்டா. இந்தச் சண்டையை நான் நாற்பது வருடமாகக் கேட்கிறேன், வாதங்கள்கூட மாறவில்லை. லேலண்டு மலையேற்றத்தில் மூச்சு வாங்காது என்பார் அப்பா. நடு ராத்திரி பீகாரில் நின்றாலும் டாடாவுக்கு ஸ்பேர் கிடைக்கும், உன் வண்டிக்குச் சாமான் மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்பார் பெரியப்பா. அவருடைய முதல் வண்டி டாடா மெர்சிடிஸ் பென்ஸ், ஜாம்ஷெட்பூரில் செய்தது, முகப்பில் மூன்று முனை நட்சத்திரம். டாடாவும் ஜெர்மனிக்காரர்களும் 1954-ல் சேர்ந்து 1969-ல் பிரிந்தார்கள், அதன்பின் நட்சத்திரம் இருந்த இடத்துக்கு டி எழுத்து வந்துவிட்டது. நட்சத்திர வண்டி ஓட்டியவர்களுக்கு அதில் ஒரு கெத்து. அந்த வண்டி உடைக்கப் போனபோது பெரியப்பா நட்சத்திரத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார், அவர் வீட்டு பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விபூதி பூசி, பொட்டும் வைத்து. டாடா வண்டிகளின் எண்ணைப் படிக்கவும் அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். 1210 என்றால் முதல் இரண்டு எண் வண்டியும் சரக்கும் சேர்ந்த டன் கணக்கு, அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் சுமாராகக் குதிரைசக்தி. 1613, 2515 எல்லாம் அதே கணக்கு. பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு ஏறாத எனக்கு இது ஏறியது.

தாத்தா இந்தச் சண்டையில் கலந்துகொள்ள மாட்டார், இரண்டு வண்டியும் அவருக்குப் பொடிப்பசங்க வண்டி. அவர் ஓட்டியது பெட்ரோல் பார்கோ. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி பூட்டிய அமெரிக்க வண்டி, டாட்ஜ், டிசோட்டோ, பார்கோ மூன்றும் ஒரே வண்டிதான், முகத்தில் இருக்கிற பெயர் மட்டும் வேறு. இதைத் தெரியாமல் அந்தக் காலத்தில் பார்கோவுக்கும் டாட்ஜுக்கும் எது நல்ல வண்டி என்று அடித்துக்கொண்டார்களாம், நம் பெஞ்சில் நடப்பதைவிடப் பெரிய கூத்து. பார்கோவின் முன்பக்க பம்பரில் ஒரு ஓட்டை உண்டு, அதில் ஹேண்டிலை விட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டும். சுற்றும்போது கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், மடக்கிப் பிடித்தால் இன்ஜின் திருப்பி அடிக்கும்போது விரல் போய்விடும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்குப் பிடித்துக் காட்டினார். பொம்மையின் பம்பரில் அந்த ஓட்டையைத் தேடி, இல்லை என்றதும், இது வண்டியே இல்லை என்று ஒதுக்கிவிட்டார். டீசல் வண்டிக்கு அது எதற்கு என்று அப்பா சொல்லியும் கேட்கவில்லை. தாத்தாவின் அப்பா யுத்த காலத்தில் கரி வண்டி ஓட்டியவர், பெட்ரோல் ரேஷன் என்பதால் பின்னால் ஒரு டிரம்மில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓடிய பஸ். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளுவார்களாம், டிக்கெட் எடுத்தவர்கள்தான்.

தார்ப்பாய் கட்டியிருந்த விதத்துக்கு மூன்று பேரும் சேர்ந்து பூஜ்ஜியம் போட்டார்கள். பரிசுப் பொட்டலத்துக்கு ரிப்பன் கட்டுகிற மாதிரி குறுக்கே ஒரு நூல். இப்படிக் கட்டினால் ஓமலூர் தாண்டுவதற்குள் பறந்துவிடும் என்றார் பெரியப்பா. கடைக்காரரிடம் சணல் வாங்கி, பல்லால் பிரித்து மெல்லிசாக்கி, கொக்கிக்குக் கொக்கி மாற்றிக் குறுக்கும் மறுக்குமாக இழுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் முடிச்சை நகத்தால் இறுக்கினார். அரைமணி நேரம் ஆனது. முடித்துவிட்டு வண்டியைத் தலைகீழாகப் பிடித்து உதறினார், ஒன்றும் அசையவில்லை. அந்தக் கட்டு இப்போதும் அப்படியே இருக்கிறது, அவிழ்க்க எனக்குத் தெரியாது. பின்பக்கம் ஹாரன் ஓகே ப்ளீஸ் எழுதியிருந்ததையும் யாரும் ரசிக்கவில்லை. மகாராஷ்டிராவில் 2015-ல் தடை செய்த வாசகம் அது. அப்பா வண்டியின் பின்னால் ஒலி எழுப்பவும் என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள்.

ஆனால் அப்பா உண்மையிலேயே வருத்தப்பட்ட குறை ஒன்றே ஒன்று. கட்டை இல்லை.

மலை ஏறின வண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: ஒரு முழத்துக்கு முக்கோணமாகச் செதுக்கிய கனமான மரக்கட்டை, கைப்பிடியோடு. டிரைவர் ஆவதற்கு முன்னால் அப்பா ஐந்து வருடம் கிளீனர். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி, திம்பம் வழியாக மைசூருக்கு லோடு. பண்ணாரி அம்மன் கோயிலில் கற்பூரம் காட்டிவிட்டு ஏற ஆரம்பித்தால் 27 கொண்டை ஊசி வளைவு. லோடு வண்டி நடக்கிற வேகத்தில்தான் ஏறும். கிளீனர் இறங்கி, கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, பின் சக்கரத்தை ஒட்டியே நடக்க வேண்டும், புகை முழுக்க மூஞ்சியில். வளைவில் கியர் தவறி வண்டி பின்னால் நகர ஆரம்பித்தால் டிரைவர் "கட்டே!" என்று ஒரு சத்தம் போடுவார், அந்த நொடியில் சக்கரத்துக்கு அடியில் கட்டை விழுந்தாக வேண்டும். போடும்போது கையை எடுக்க ஒரு கண் இமைக்கும் நேரம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு அப்பாவின் இடது கட்டைவிரல் சாட்சி, நகம் இன்னும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. இருபத்தேழாவது வளைவு முடிந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி, கிளீனரைக் கூப்பிட்டு, தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுப்பாராம். 2022 பிப்ரவரியிலிருந்து திம்பத்தில் ராத்திரி வண்டி போகத் தடை, காட்டு விலங்குகளுக்காக. நல்லதுதான் என்றார் அப்பா, நாங்கள் போனபோது யானையும் எங்களைப் பார்த்துப் பயந்தது, நாங்களும் அதைப் பார்த்துப் பயந்தோம்.

குறைகளை எல்லாம் சேர்த்துச் செய்தவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். ஆறு நிமிஷம், பின்னணியில் பெரியப்பா குரலும் கேட்கும். கோபப்படுவார் என்று நினைத்தேன். மறுநாள் அவரே கூப்பிட்டார், இருபத்தொன்பது வயதுப் பையன், ஐடிஐ முடித்தவன். நெட்டில் கிடைக்கிற போட்டோவை வைத்துத்தான் செய்கிறேன், பழைய வண்டியில் ஏறிப் பார்த்ததே இல்லை அங்கிள் என்றான். நம்பர் பிளேட்டை இலவசமாக மாற்றி அனுப்பிவிட்டான். முன் சக்கரம் திரும்புகிற மாதிரி செய்ய 900 ரூபாய் ஆகும் என்றான், எனக்கு அது அதிகமாகப் பட்டது, இன்னும் கொடுக்கவில்லை. அவனிடம் அதிகம் விற்பது காமெட் இல்லையாம், டாடா 407-ம் டவுன் பஸ்ஸும்தான், அப்புறம் டாரஸ் டிப்பர். லேலண்டு வைத்த பெயரை எந்தக் கம்பெனி பத்துச் சக்கர லாரிக்கும் சேர்த்து ஊரே டாரஸ் என்று கூப்பிடுகிறது, வாங்குகிறவர்களும் அப்படித்தான் கேட்கிறார்களாம், அவனும் ஆளுக்கொரு முகப்பை ஒட்டிக் கொடுத்துவிடுகிறான்.

ஐந்துக்கு மூன்றரை. மரவேலைக்கும் காந்தத்துக்கும் முழு மார்க், தாமதத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் வெட்டு. ஷோகேஸில் வைக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம், டிரைவருக்குக் கொடுப்பதென்றால் முதலில் அவரிடம் ஒரு மணி நேரம் பேசி, எழுதி வைத்துக்கொண்டு ஆர்டர் கொடுங்கள். வண்டி இப்போது டிவி மேசையில் நிற்கிறது. பென்சில் துண்டைச் சீவி அப்பாவே ஒரு கட்டை செய்து பின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருக்கிறார், வீட்டைத் துடைக்கிற அக்கா எடுத்து வைத்தால் மறுபடி போய் வைக்கிறார்.

போன வாரம் பெரியப்பா வீட்டுக்கு வந்து, மடியிலிருந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார், அவருக்கும் ஒன்று வேண்டுமாம். டாடா மெர்சிடிஸ், நட்சத்திரம் வைத்தது, 1969-க்கு முந்தினது, மூன்று எழுத்து நம்பர், நைலான் டயர். கண்ணாடி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். தார்ப்பாயைக் கட்டாமல் அப்படியே மடித்து அனுப்பச் சொல்லு, கட்டுறத நான் பாத்துக்கறேன் என்றார். பையனுக்கு எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன். பெயின்ட் காய எத்தனை வாரம் ஆகும் என்றும் கேட்டிருக்கிறேன், அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.